அப்பாவின் மூச்சில் பத்து விழுக்காடு

வானொலியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு பக்கத் தொழில் உண்டு. கல்யாண விருந்து, பள்ளி நிதி திரட்டு, கம்பெனி ஆண்டு விழா என்று மைக் பிடிக்க ஆள் தேவைப்படும் இடத்துக்கெல்லாம் போவோம். சென்ற ஆண்டு அப்படி ஓர் அழைப்பு வந்தது. கோலாலம்பூரில் ஒரு தங்கும் விடுதியில் மருத்துவர்களின் இரண்டு நாள் கூட்டம். கடைசி நாள் இரவு விருந்துக்கு நான் அறிவிப்பாளர்.

மாலை நான்கு மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். கிள்ளானில் இருந்து கிளம்புகிறவர்கள் கூட்டரசு நெடுஞ்சாலையை நம்புவதில்லை. ஒலிச் சோதனைக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. பக்கத்து மண்டபத்தில் கடைசி அமர்வு ஓடிக்கொண்டிருந்தது. கதவருகே நின்ற பையன் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டான். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

திரையில் இரண்டு படங்கள், இரண்டுமே ஒரே ஆளின் நுரையீரல். இடப்பக்கம் சாதாரண எக்ஸ்ரே. எனக்குத் தெரிந்த வரை அது சுத்தமாக இருந்தது. வலப்பக்கம் வேறொரு கருவி எடுத்த படம். அதில் நுரையீரல் நீல நிறத்தில் ஒளிர்ந்தது. ஆனால் முழுசாக இல்லை. கரையான் அரித்த பலகை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. நீலம் உள்ள இடத்துக்குக் காற்று போகிறது, ஓட்டை உள்ள இடத்துக்குப் போகவில்லை என்றார் பேச்சாளர்.

எனக்கு வேர்த்துவிட்டது, அந்தக் குளிரிலும். அப்பா நினைவுக்கு வந்தார்.

அப்பா பதினைந்து வயதில், 1970-ல், சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். பால் வெட்டும் வேலை இல்லை. ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோடும் கொட்டகையில் வேலை. பாலை உறைய வைத்து, உருளையில் விட்டுத் தகடாக்கி, மூங்கில் கழிகளில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். கீழே ரப்பர் விறகு எரியும். நாள் கணக்கில் அந்தப் புகையிலும் சூட்டிலும் ஷீட் காய்ந்து தேன் நிறத்துக்கு வரும். உள்ளே போய் கழிகளை இடம் மாற்றுவதும், காய்ந்ததை இறக்குவதும், பிறகு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துத் தரம் பிரிப்பதும் அப்பாவின் வேலை. இருபது வருடம் போல. தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்ட பிறகு கிள்ளானுக்கு வந்து, துறைமுகத்தில் லோரி ஓட்டினார். சிகரெட் உண்டு. நான் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது விட்டுவிட்டார்.

அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது எப்போது என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. எங்கள் ஃபிளாட் நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று எதிர் ஃபிளாட்டை வேடிக்கை பார்ப்பார். வேடிக்கை பார்க்கிறார் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் வற்புறுத்தி ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், இதயத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். மூன்று முறை ஊதினார். 'நார்மல்' என்று வந்தது. வயசாகிறது, எடையைக் குறையுங்கள் என்றார்கள். அப்பா ஐம்பத்தெட்டு கிலோ.

அன்றிலிருந்து அவர் மூச்சு வாங்குகிறது என்று சொல்லும்போதெல்லாம் நான் ஒரே பதில் சொன்னேன். "ரிப்போர்ட்ல ஒன்னும் இல்லப்பா. பயப்படாம நடங்க." கொஞ்ச நாளில் அவர் சொல்வதையே நிறுத்திவிட்டார்.

அந்நியன் என்ற வாயு

மேடையில் காட்டிய அந்த நீலப் படத்துக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது.

எக்ஸ்ரே 1895-ல் ஜெர்மனியில் ரோண்ட்கன் கண்டுபிடித்தது. சளிக்கட்டு, காசநோய், கட்டி போன்ற கனமான பொருள் நுரையீரலில் இருந்தால் அது வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும். நம் நாட்டில் ஆண்டுக்கு 20,000 பேருக்கு மேல் காசநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. அதற்கு இன்றும் எக்ஸ்ரேதான் முதல் வாசல். ஆனால் எக்ஸ்ரே காட்டுவது பொருளை. நுரையீரலின் வேலையே காற்று. இருப்பதைப் படமெடுக்கும் கருவியால், இல்லாமல் போனதை எப்படிக் காட்ட முடியும்?

மூளைக்கும் முட்டிக்கும் எடுக்கிற எம்ஆர்ஐ நுரையீரலில் அநேகமாகத் தோற்றுப் போகும். அது உடம்பில் உள்ள தண்ணீரின் ஹைட்ரஜனிலிருந்து சமிக்ஞை வாங்குகிறது. நுரையீரலில் தண்ணீர் குறைவு, காற்று அதிகம். படத்தில் வெறும் கறுப்புத்தான் விழும்.

1994-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் 'நேச்சர்' இதழில் ஓர் எலி நுரையீரலின் எம்ஆர்ஐ படத்தை வெளியிட்டார்கள். காற்றுக்குப் பதில் செனான் என்ற வாயுவை அதில் நிரப்பியிருந்தார்கள். சும்மா நிரப்பினால் போதாது. முதலில் லேசர் ஒளியையும் ரூபிடியம் ஆவியையும் வைத்து செனான் அணுக்களை ஒரே திசைக்குத் திருப்பிவிட வேண்டும். அப்படிச் செய்தால் சமிக்ஞை பல ஆயிரம் மடங்கு பெருகுகிறது. தைப்பூசக் கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்தினால் யார் சொல்வதும் கேட்காது, எல்லோரும் சேர்ந்து 'வேல் வேல்' என்றால் பத்துமலைக்கே கேட்கும். அது மாதிரி.

ஆரம்பத்தில் மனிதர்களிடம் அதிகம் பயன்பட்டது செனான் அல்ல, ஹீலியம்-3. அதில் படம் இன்னும் தெளிவாக வரும். ஆனால் ஹீலியம்-3 கிடைக்கும் இடம் விசித்திரமானது. அணு ஆயுதங்களுக்காகச் செய்து வைத்த டிரிட்டியம் சிதையும்போது மிஞ்சுவது அது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அணுப்பொருள் கடத்தலைக் கண்டுபிடிக்கும் கருவிகளை அமெரிக்கா வாங்கிக் குவித்தது. அந்தக் கருவிகளுக்கும் அதே வாயுதான் வேண்டும். கையிருப்பு தீர்ந்தது, விலை ஏறியது, ஆய்வாளர்கள் செனானுக்குத் திரும்பினார்கள். வெடிகுண்டுக்கும் நம் மூச்சுக்கும் இப்படியெல்லாம் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

திரும்பியதில் ஒரு லாபம் கிடைத்தது. ஹீலியம் காற்றறையோடு நின்றுவிடும். செனான் அதற்கு மேலும் போகும். சுவரைக் கடந்து ரத்தச் சிவப்பணுவில் கரையும். காற்றில் இருக்கும்போது ஓர் அலைவரிசை, சுவரில் இருக்கும்போது இன்னொன்று, சிவப்பணுவில் வேறொன்று. வானொலிக்காரியான எனக்கு இந்த இடம் உடனே பிடித்துப்போனது. ஒரே வாயு மூன்று நிலையங்களில் ஒலிபரப்பாகிறது. மூன்றாவது நிலையம் மங்கலாகக் கேட்டால், காற்று உள்ளே போகிறது, ஆனால் ரத்தத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

கோவிட் காலத்தில் இது கைகொடுத்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டும் ஷெஃபீல்டும் சேர்ந்து, கோவிட்டில் மருத்துவமனையில் கிடந்து வீடு திரும்பிய சிலருக்கு இந்தப் படத்தை எடுத்தார்கள். மாதங்கள் கழிந்தும் மூச்சுத் திணறல் போகாதவர்கள் அவர்கள். சிடி ஸ்கேன் பெரிதாக எதையும் காட்டவில்லை. செனான் காட்டியது. ஆய்வு சிறியதுதான். ஆனாலும் ஸ்கேன் நன்றாக இருக்கிறது, எல்லாம் மனப்பிரமை என்று திருப்பி அனுப்பப்பட்ட எத்தனையோ பேருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

2022 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் செனான் எம்ஆர்ஐக்கு ஒப்புதல் தந்தது, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. வாயுவை இழுத்து, பத்துப் பதினைந்து விநாடி மூச்சை அடக்கினால் படம் தயார். கதிர்வீச்சு கிடையாது. 1898-ல் இந்த வாயுவைக் கண்டுபிடித்த ராம்சேயும் டிராவர்ஸும் அதற்குக் கிரேக்க மொழியில் 'அந்நியன்' என்று பெயர் வைத்தார்கள். அந்நியன் வந்துதான் நம் வீட்டு ஓட்டைகளைக் காட்டுகிறான்.

இருட்டுக்கு ஒரு மார்க்

செனான் வசதி உலகத்தில் சில மையங்களில்தான் உண்டு. சிடி ஸ்கேன் கிள்ளானிலேயே இருக்கிறது. அன்றைய அமர்வில் பாதி நேரம் சிடி பற்றித்தான் பேசினார்கள். படத்தைப் பார்ப்பது பற்றி அல்ல, எண்ணுவது பற்றி.

சிடி ஸ்கேனை உருவாக்கியவர் ஹவுன்ஸ்ஃபீல்டு. லண்டனில் 1971-ல் முதல் நோயாளிக்கு எடுத்தார், 1979-ல் நோபல் பரிசு வாங்கினார். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அவர் பெயரில் ஓர் எண் இருக்கிறது. தண்ணீர் 0. வெறும் காற்று கழித்தல் 1000. நல்ல நுரையீரல் முழு மூச்சில் கழித்தல் 850 அளவில் இருக்கும். காற்றறைகளின் சுவர் சிதைந்து பெரும் பொத்தல்கள் ஆகும்போது சதை குறைந்து காற்று மிஞ்சும். எண் இன்னும் கீழே இறங்கும். கழித்தல் 950-க்குக் கீழே போன புள்ளிகள் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்று கணினி எண்ணிச் சொல்லும். அமெரிக்காவில் சிஓபிடிஜீன் என்ற ஆய்வு 10,000-க்கும் அதிகமானோரை இப்படிப் படமெடுத்து அளந்திருக்கிறது.

2012-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஒருபடி மேலே போனார்கள். மூச்சை முழுக்க இழுத்து ஒரு படம், முழுக்க விட்டு ஒரு படம். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்தினால், மூச்சை விட்ட பிறகும் காற்று வெளியேறாமல் சிக்கிக் கிடக்கும் இடம் மஞ்சளாகவும், சிதைந்தே போன இடம் சிவப்பாகவும் தெரியும். மஞ்சளை இன்னும் காப்பாற்ற வாய்ப்பு உண்டு, சிவப்பு போனது போனதுதான். ஜப்பானியர்கள் வேறு வழி பிடித்திருக்கிறார்கள். விநாடிக்குப் பதினைந்து எக்ஸ்ரே எடுத்து, மூச்சுக்கு ஏற்ப நுரையீரல் விரிந்து சுருங்குவதைப் படமாகவே ஓட்டிப் பார்க்கிறார்கள்.

கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, ஒரே நுரையீரலை இரண்டு கம்பெனி இயந்திரங்களில் வைத்தால் இரண்டு எண் வருகிறதே, எதை நம்புவது என்று கேட்டார். மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது, ஆனால் பேச்சாளர் சிரிக்கவில்லை. அவர்களுக்கு இதுதான் தீராத தலைவலி என்று பிறகு தெரிந்தது. நோயாளி எவ்வளவு ஆழமாக மூச்சிழுத்தார் என்பதற்கே எண் மாறும். நுரையீரல் செயற்பாட்டைப் படமெடுப்பதற்கென்றே 2000-களின் தொடக்கத்திலிருந்து ஓர் அனைத்துலகப் பட்டறை நடக்கிறது. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், கொரியா என்று பல நாட்டவரும் அதில் கூடுகிறார்கள். வட அமெரிக்க ரேடியாலஜி சங்கம் 2007-ல் தனிக் கூட்டணியே அமைத்தது, அளவுகளை ஒழுங்குபடுத்த.

எங்கள் ஸ்டூடியோவிலும் இதே கதைதான். ஒலி அளவு காட்டும் முள்ளைச் சரிபார்க்காமல் விட்டால், நான் கத்தினாலும் நார்மல் என்று காட்டும். ஊடகப் படிப்பின் முதல் ஆண்டில் விரிவுரையாளர் சொல்லித் தந்த முதல் பாடம் அது. முள்ளை நம்புவதற்கு முன்னால், அதற்குப் பூச்சியம் எது என்று முடிவு செய்தது யார் என்று கேள்.

நான் அதைக் கேட்டதில்லை. ஆறு ஆண்டுகளாக.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலை

விருந்து நல்லபடியாக முடிந்தது. கிளம்பும்போது ஒரு ரேடியாலஜி டாக்டர், நம்மவர், ஈப்போக்காரர், "காலையில உங்க நிகழ்ச்சிதான் கேட்டுக்கிட்டு வேலைக்குப் போவேன்" என்று வந்து பேசினார். நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பழைய ரிப்போர்ட் இருந்தா கொண்டு வாங்க. ஆனா ஒன்னு, உங்க அப்பாவை நான் பாக்கல. ஒரு தாளை வச்சு எதுவும் முடிவா சொல்ல மாட்டேன்" என்றார்.

அடுத்த வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் சந்தித்தோம். பெயரிலேயே செங்கல் சூளை இருக்கிற ஊர். 1881-ல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்த பிறகு, அத்தாப்புக் கூரை வேண்டாம், செங்கல்லும் ஓடும் போட்டுக் கட்டுங்கள் என்று அரசாங்கம் வற்புறுத்தியது. அதற்கான சூளைகள் இங்கே புகைந்தன. பிறகு ரயில்வே வந்தது, கரி எஞ்சின் வந்தது, அதோடு நம்மவர்களும் யாழ்ப்பாணத்தவர்களும் வந்தார்கள். இந்த ஊரில் எத்தனை தாத்தாக்கள் இருமியே செத்தார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

டாக்டர் ரசத்தை முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தார். முதல் விநாடியில் அப்பா ஊதி வெளியேற்றிய காற்று 1.89 லிட்டர். அவர் வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கும் அளவு 2.25 லிட்டர். ஆக 84 விழுக்காடு. பொதுவாக 80-க்கு மேல் இருந்தால் பரவாயில்லை என்று விட்டுவிடுவார்கள். (இப்போது 80 என்ற கோடு போதாது, வயதுக்கேற்ற கீழ் எல்லையைப் பார்க்க வேண்டும் என்பதே சரியான முறை என்று சொல்லிவிட்டுத்தான் மேலே பேசினார். மருத்துவர்களுக்கு அடிக்குறிப்பு இல்லாமல் பேச வராது.)

பிறகு தாளின் மேல் மூலையைச் சுட்டிக் காட்டினார். வயது, உயரம், பால். அதற்குக் கீழே, இனம்: இந்தியர். பக்கத்தில் ஒரு சிறிய எண், 90.

"இது என்னன்னு தெரியுமா? வெள்ளைக்காரங்களுக்கு எதிர்பார்க்கிற அளவுல பத்து விழுக்காடு கழிச்சுட்டுத்தான் உங்க அப்பாவை ஒப்பிட்டிருக்கு, இந்த மெஷின். கழிக்காம இருந்தா அது 2.50." கைப்பேசியில் கணக்குப் போட்டுக் காட்டினார். 75.6.

அதே நெஞ்சும் அதே மூச்சுமாக இருந்த என் அப்பா, ஒரு கழித்தலால் 'நார்மல்' ஆகியிருந்தார்.

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அங்கே வேலை செய்தவர் பெட்டியில் 'இந்தியர்' என்று அமுக்கினார், மீதியை இயந்திரம் செய்தது. அதற்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தது யார் என்று தேடிப் போனால் கதை நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாக நீள்கிறது.

ஊதும் கருவியை உருவாக்கியவர் லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன். 1846-ல் அவர் வெளியிட்ட ஆய்வில் 2,130 பேர் ஊதியிருந்தார்கள். மாலுமிகள், போலீஸ்காரர்கள், ஏழை விடுதிக்காரர்கள் என்று வகைவகையாக. உயரம் கூடக் கூட மூச்சின் அளவு கூடுகிறது என்று அவர் கண்டது இன்றும் உண்மை. ஆயுள் காப்புறுதிக்கு ஆள் பார்க்க இக்கருவி உதவும் என்பது அவருடைய யோசனை. கருவி அமெரிக்கா போனது. அங்கே சாமுவேல் கார்ட்ரைட் என்ற லூசியானா மருத்துவர், தாமே அடிமைகளை வைத்திருந்தவர், கறுப்பின அடிமைகளின் நுரையீரல் கொள்ளளவு வெள்ளையரை விட 20 விழுக்காடு குறைவு என்று எழுதினார். அதனால் தோட்டத்தில் உழைப்பது அவர்களுக்கு நல்லது என்றும் சேர்த்து எழுதினார்.

'தோட்டம்' என்ற சொல்லைப் படித்ததும் நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

பின்னால் வந்தவர்கள் எல்லோரும் கார்ட்ரைட் மாதிரி ஆட்கள் இல்லை. நல்ல எண்ணத்தோடு அளந்தவர்களும் வேறுபாட்டைக் கண்டார்கள். ஆனால் ஏன் என்று கேட்பதற்குப் பதில், அதை இயற்கை என்று எடுத்துக்கொண்டு சூத்திரத்தில் ஏற்றிவிட்டார்கள். கருப்பையில் குறைந்த எடை, குழந்தையில் ஊட்டமின்மை, அடுப்புப் புகை, வேலையிடத்துத் தூசி எல்லாம் நுரையீரலைச் சின்னதாக்கும். அப்படிச் சின்னதான நுரையீரல்களை அளந்து, 'இவர்களுக்கு இவ்வளவுதான்' என்று எழுதிவிட்டால், அடுத்து வருகிறவனின் நோயும் அந்தக் கணக்குக்குள் மறைந்துவிடும். 1999-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஓர் அஸ்பெஸ்டாஸ் வழக்கில் இது அப்பட்டமாக வெளியே வந்தது. நஷ்டஈடு கேட்ட கறுப்பினத் தொழிலாளர்கள், வெள்ளையரை விட மோசமான மூச்சைக் காட்டினால்தான் வழக்குக்குத் தகுதி என்று கம்பெனித் தரப்பு வாதாடியது.

படம் காட்டிக்கொடுத்தது

இந்த இடத்தில்தான் ஸ்கேன் உள்ளே வருகிறது. சிடி படத்துக்கு நோயாளி இந்தியரா, சீனரா, மலாய்க்காரரா என்று தெரியாது. ஓட்டை என்றால் ஓட்டைதான்.

அமெரிக்காவில் கார்டியா என்றொரு ஆய்வு. 1985-ல் தொடங்கி, நான்கு நகரங்களில் இளைஞர்களாக இருந்தவர்களை நடுவயது வரை தொடர்ந்து வந்தது. அவர்களில் ஊதும் சோதனையில் 'நார்மல்' என்று வந்தவர்களின் சிடி படங்களை ஆய்வாளர்கள் பார்த்து 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். இனக் கழித்தலோடு 'நார்மல்' ஆன கறுப்பின ஆண்களின் நுரையீரலில், அதே 'நார்மல்' வாங்கிய வெள்ளையின ஆண்களை விடச் சில மடங்கு அதிகமாகச் சிதைவு தெரிந்தது. கழித்தலை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டபோது அந்த இடைவெளி குறைந்தது. இதை விட நேரான சாட்சி எனக்குத் தெரியாது. ஊதிய காற்று சொன்ன கணக்கை, படம் போய் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துத் திருத்தியிருக்கிறது.

2023 ஏப்ரலில் அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கமான ஏடிஎஸ், இனத்தைப் பார்க்காத பொதுச் சூத்திரத்தையே பயன்படுத்தும்படி பரிந்துரைத்தது. ஐரோப்பியச் சங்கமும் அதை ஏற்றது.

இதோடு நியாயம் கிடைத்துவிட்டது என்று எழுதினால் டாக்டர் என்னோடு பேசமாட்டார். பொதுச் சூத்திரத்துக்கு மறுபக்கமும் உண்டு. நன்றாக இருக்கிற நம்மவர் சிலர் திடீரென்று நோயாளிப் பட்டியலில் விழலாம். தீயணைப்பு மாதிரி வேலைக்கு மூச்சுத் தகுதி பார்க்கும் இடங்களில் ஒருவர் வேலை இழக்கலாம். நுரையீரலில் புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுக்க அறுவைக்குத் தகுதி இல்லை என்று ஒருவரை ஒதுக்கிவிடலாம். நம் உடம்பில் காலுக்கும் நெஞ்சுக்கும் உள்ள விகிதமும் கொஞ்சம் வேறு, உயரத்தை மட்டும் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்றார். மருத்துவ உலகத்தில் விவாதம் ஓயவில்லை. எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு, மருத்துவம் படிக்காதவளின் கருத்து. சந்தேகம் எந்தப் பக்கம் இருந்தாலும், 'நார்மல்' என்ற ஒரு சொல்லோடு யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அனுப்பினால், என்ன கழித்தோம் என்பதையும் வாயால் சொல்லி அனுப்ப வேண்டும்.

வீட்டில் பெரியவர்களின் பழைய ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இனம் என்று ஒரு வரி இருக்கிறதா, பக்கத்தில் ஏதாவது எண் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. மூச்சு வாங்குவது தொடர்ந்தால், ஒரு முறை ஊதியது நன்றாக இருந்தது என்பதற்காக விட்டுவிடாதீர்கள். மூச்சுக்குழாய்களில் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறுகிய கிளைகளை மருத்துவர்கள் 'பேசாத பகுதி' என்றே சொல்வதுண்டு. அங்கே நிறைய அழிந்த பிறகுதான் ஊதும் சோதனையில் அது தெரியவரும்.

அப்பாவுக்கு சிடி எடுத்தோம். போகும் வழியில் எனக்கு 2005 நினைவுக்கு வந்தது. அந்த ஆகஸ்டு 11-ல் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரகாலம் அறிவித்தார்கள். எங்களுக்குப் பள்ளி விடுமுறை. நாங்கள் ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தோம், அப்பா வெளியே போனார். மூக்கில் ஈரக் கைக்குட்டை. அதற்கு முன்னால் இருபது வருடம் கொட்டகைப் புகை. நெஞ்சு எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறது, நாங்கள்தான் தனித்தனியாக மறந்திருந்தோம்.

முடிவு வந்தது. இரண்டு பக்கமும் மேல்பகுதியில் எம்ஃபிசீமா, லேசானது முதல் மிதமானது வரை. அன்று மண்டபத்தில் மணிக்கணக்கில் பேசிய அந்த விழுக்காடு எங்கள் ரிப்போர்ட்டில் இல்லை. வார்த்தைகள் மட்டுமே. கேட்டதற்கு, அப்படி எண்ணிக் கொடுப்பது இன்னும் அன்றாட வழக்கத்துக்கு வரவில்லை என்றார்கள். மண்டபத்துக்கும் நம் தெருவுக்கும் இடையே உள்ள தூரம் அது.

போனது திரும்பாது. மீதியைக் காப்பாற்ற இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். ஃப்ளூ தடுப்பூசி போட்டாயிற்று. உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடும் பயிற்சியை நானே சொல்லிக் கொடுக்கிறேன், செய்தி வாசிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் கிட்டத்தட்ட அதேதான். மாடியேறும்போது இரண்டாவது திருப்பத்தில் இப்போது நானும் கூட நிற்கிறேன். எதிர் ஃபிளாட்டில் யாரோ புறா வளர்க்கிறார்கள். இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

"அன்னைக்கே நீங்க சொன்னீங்கப்பா. நான்தான் கேக்கல" என்றேன் ஒரு நாள், அந்தத் திருப்பத்தில்.

"ரிப்போர்ட்ல அப்படித்தானே ஆயி போட்டிருந்துச்சி" என்றார். அவ்வளவுதான். மீதி இரண்டு மாடியை ஏற ஆரம்பித்தார்.

ஸ்கேன் படத்தை ஒரு வட்டில் போட்டுத் தந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கணினியில் போட்டு அப்பாவுக்குக் காட்டினேன். சாம்பல் நிறத்தில் நுரையீரல், மேலே கறுப்புக் கறுப்பாகச் சின்னப் பொத்தல்கள். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, திரைக்குக் கிட்டத்தில் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். கொட்டகை வாசலில் ஷீட்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பவர் இப்படித்தான் நின்றிருப்பார் என்று தோன்றியது. குமிழ் இல்லாத ஷீட் முதல் நம்பர். குமிழ் ஏற ஏறத் தரம் இறங்கும், விலையும் இறங்கும்.

ஒரு பொத்தலின் மேல் விரலை வைத்தார்.

"மூணாம் நம்பர் ஷீட்டு" என்றார். "தள்ள மாட்டாங்க. ஓடும்."